காணாமல் போன அரை மணி நேரம்

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.45 மணிக்குச் சிங்கப்பூரில் ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. தீபகற்ப மலேசியாவிலும் பிறக்கவில்லை. யாரும் இறக்கவில்லை, ஒரு பேருந்துகூடப் புறப்படவில்லை. அன்று இரவு 11.45 என்று ஒரு நேரமே வரவில்லை என்பதுதான் காரணம். மணி 11.30 ஆனதும் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி 12 என்று வைத்துக்கொண்டார்கள். 1982ஆம் ஆண்டு அப்படித்தான் அரை மணி நேரம் முந்திப் பிறந்தது.

உங்கள் பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ அந்த இரவு நினைவிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இது ஏன் நடந்தது? அதுவரை மலேசியாவுக்குள் இரண்டு நேரங்கள் இருந்தன. சபாவும் சரவாக்கும் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே. தீபகற்ப மலேசியா ஏழரை மணி நேரம் முன்னே. கோலாலம்பூரிலிருந்து கூச்சிங்கிற்குப் பறந்தால் கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசிய அரசாங்கம் முடிவெடுத்து, தீபகற்பத்தை எட்டு மணிக்கு மாற்றியது. சிங்கப்பூரும் உடனே அதையே பின்பற்றியது. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் இன்னொரு மணி என்றால் அன்றாடம் ஜோகூரிலிருந்து வேலைக்கு வருபவர் என்ன செய்வார்? வணிகம், வங்கி, பேருந்து, பயணம் எல்லாவற்றுக்கும் தொல்லை.

அப்படியானால் கடிகாரம் காட்டும் எண் இயற்கை தந்தது அல்ல. மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. நம் வட்டாரத்தில் அந்த உடன்பாடு எத்தனை முறை மாறியிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஊருக்கு ஒரு நேரம்

பூமி 24 மணி நேரத்தில் ஒருமுறை, அதாவது 360 பாகை, சுற்றுகிறது. ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை; ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சிங்கப்பூர் கிரீன்விச்சிலிருந்து ஏறத்தாழ 103.85 பாகை கிழக்கே இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 6 மணி 55 நிமிடம் 24 வினாடி வரும். சூரியனை மட்டும் கேட்டால் சிங்கப்பூரின் சொந்த நேரம் அதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஊர்கள் அப்படித்தான் தங்கள் நேரத்தை வைத்திருந்தன. பினாங்கு நமக்கு மேற்கே இருப்பதால் அதன் நேரம் சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 14 நிமிடம் பின்தங்கியது. மாட்டு வண்டியில் பயணம் செய்யும் வரை இதனால் யாருக்கும் நட்டமில்லை. ரயிலும் தந்தியும் வந்தபின் ஊருக்கு ஒரு நேரம் என்பது கட்டுப்படியாகவில்லை.

1905ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரும் மலாயாவும் 105ஆவது தீர்க்கரேகையை ஏற்று, கிரீன்விச்சுக்குச் சரியாக ஏழு மணி நேரம் முன்னே என்று வைத்துக்கொண்டன. 1933ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி இன்னும் 20 நிமிடம் கூட்டினார்கள். மாலையில் அலுவலகம் விட்டபின் திடலில் விளையாடவும் காற்று வாங்கவும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பதுதான் காரணம். பத்தும் இல்லாமல் முப்பதும் இல்லாமல் இருபது! 1941 செப்டம்பர் 1ஆம் தேதி மேலும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள்.

ஆறு மாதம்கூட அது நீடிக்கவில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மறுநாளே கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம் முன்னே. சிங்கப்பூருக்கு சியோனான் என்று புதுப்பெயரும் வந்தது. பிப்ரவரி மாதத்தில், அந்தக் கடிகாரத்தின்படி, இங்கே காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் உதித்திருக்கும். ஒரு நாட்டைப் பிடிப்பவர்கள் அதன் கொடியை மாற்றுவார்கள் என்று நமக்குத் தெரியும். கடிகாரத்தையும் மாற்றுவார்கள் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1945 செப்டம்பர் 12ஆம் தேதி ஜப்பானியர் சரணடைந்தபோது நேரம் பழையபடி ஏழரைக்குத் திரும்பியது.

அந்த மூன்றரை ஆண்டுகளில் இங்கே பிறந்தவர்களின் பிறந்த நேரம் தோக்கியோ கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். சாதகம் கணிப்பவர் அதை அறியாமல் கணித்தால் ஒன்றரை மணி நேரம் பிசகிவிடும். வீட்டில் 1943இல் பிறந்த கொள்ளுத்தாத்தா இருந்தால் அவருடைய சாதகத்தை யார் எப்படிக் கணித்தார் என்று விசாரிக்கலாம்.

கடிகாரம் சரியாக இருப்பது அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்சினையும்கூட. நடுக்கடலில் செல்லும் கப்பல் தான் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்பதைக் கடிகாரத்தை வைத்தே கணக்கிட்டது. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் இடம் கால் பாகை தவறும். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் பகுதியில் அது ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பாறையில் மோத அது போதும். அதனால்தான் துறைமுகத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஃபோர்ட் கேனிங் குன்றில் உயரமான கம்பத்தில் ஒரு பெரிய பந்தை ஏற்றி வைத்தார்கள். சரியாகப் பிற்பகல் ஒரு மணிக்குப் பந்து விழும். கப்பல்களில் இருப்பவர்கள் தொலைநோக்கியில் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அந்த நேரப் பந்தின் மாதிரி ஒன்று இன்றும் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் நிற்கிறது. எம்ஆர்டியில் போய் இறங்கி நடக்கும் தூரம்தான்.

நண்பகல் எப்போது?

பன்னிரண்டு மணிக்கு என்று சொல்ல வாய் வருகிறது அல்லவா? நம் சூரியன் அதற்குள் உச்சிக்கு வருவதில்லை. கடிகாரம் சொல்லும் எட்டு மணி நேரத்துக்கும் நம் சொந்த நேரத்துக்கும் ஒரு மணி நான்கரை நிமிட இடைவெளி. ஆகவே சிங்கப்பூரில் சூரியன் சராசரியாகப் பிற்பகல் 1.05 அளவில்தான் உச்சியைத் தொடுகிறது. கோலாலம்பூரில் 1.13, பினாங்கில் 1.19. அதே கடிகாரத்தை வைத்திருக்கும் கோத்தா கினபாலுவில் 12.16. பினாங்கு மாணவர் இருட்டில் பல் துலக்கும்போது கோத்தா கினபாலு மாணவரின் முகத்தில் வெயில் அடிக்கிறது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. உங்கள் முஸ்லிம் நண்பரிடம் சொஹோர் தொழுகை நேரத்தைக் கேளுங்கள். சூரியன் உச்சி சாய்ந்ததும் தொடங்கும் தொழுகை அது. ஆண்டு முழுவதும் அந்த நேரம் பன்னிரண்டே முக்காலைத் தாண்டியும் ஒன்று இருபதுக்குள்ளும் முன்பின்னாக நகர்ந்துகொண்டிருக்கும். அரசாங்கம் கடிகாரத்தை மாற்றினாலும் அது சூரியனையே பின்தொடர்கிறது.

வரைபடத்தை எடுத்து ஜகார்த்தாவைத் தேடுங்கள். அது சிங்கப்பூருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 106.8 பாகையில் இருக்கிறது. சூரியன் முதலில் அங்கேதான் உச்சிக்கு வருகிறது. ஆனால் அவர்களின் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னே! பாத்தாம் நமக்கு நேர் தெற்கே. அங்கும் ஜகார்த்தா நேரம்தான். ஹார்பர்ஃபிரண்டில் காலை 9 மணிக்குப் படகு ஏறினால், ஒரு மணி நேரம் கடலில் கழித்துவிட்டு மீண்டும் 9 மணிக்கே இறங்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் காலை 5.45க்கு அலாரம் அடிக்கும்போது யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளி மணி 7.30க்கு அடிக்கிறது, மலேசியாவில் பல பள்ளிகளில் அதற்கும் முன்பே. சிங்கப்பூரின் சூரியக் கணக்கில் அது காலை 6.25. பூமியின் சுற்றுப்பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரிய உதயம் ஆண்டுக்குள்ளும் அரை மணி நேரம் நகர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 6.45க்கு உதிக்கும் சூரியன் பிப்ரவரி நடுவில் 7.15க்குத்தான் உதிக்கிறது. சிங்கப்பூரில் புதிய பள்ளி ஆண்டு தொடங்கும் ஜனவரியில்தான் விடியல் பிந்திக்கொண்டே போகிறது. காலையில் எழுந்திருக்க முடியாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் பெற்றோர் சன்னலைத் திறந்து பார்க்கலாம். வெளியே இன்னும் இரவு.

இதை மாற்றிப் பார்த்த பள்ளியும் உண்டு. சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016ஆம் ஆண்டு பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்குத் தள்ளி வைத்தது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் மாணவிகளின் தூக்கத்தை அளந்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் பள்ளி நாள்களில் அவர்கள் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். பகலில் தூக்கக் கலக்கம் குறைந்தது. கிடைத்தது 45 நிமிடம், தூங்கியது பத்துதானா என்று கேட்கத் தோன்றும். மீதி எங்கே போனது என்று கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் பத்து நிமிடத்திற்கே பலன் இருந்தது என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

சூரியனோடு எழுந்த கணக்கு

நம் முன்னோர் நாளைத் தொடங்கியது நள்ளிரவில் அல்ல, சூரிய உதயத்தில். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி நேரம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். நாழிகையை மறுபடி அறுபதாகப் பிரித்து விநாடி என்றார்கள். அந்தப் பழைய விநாடி இன்றைய கணக்கில் 24 நொடி. பழைய நூல்களில் விநாடி என்று படித்தால் இன்றைய வினாடி என்று எண்ணிவிடாதீர்கள்.

நாழிகையை அளக்கத் துளையிட்ட பாத்திரத்தையும் தண்ணீரையும் பயன்படுத்தினார்கள். சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில், போர்ப் பாசறையில் இரவிலும் நீர்க்கடிகாரத்தைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்பவர்கள் வருகிறார்கள். சூரியன் மறைந்தபின் சூரியனை வைத்து அளக்க முடியாது. தண்ணீர் சொட்டுவதற்கு இரவு பகல் தெரியாது.

ராகு காலமும் உதயத்திலிருந்து எண்ணப்படுவதுதான். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ஒவ்வொரு கிழமைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று நாம் மனப்பாடம் செய்திருப்பது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊரின் கணக்கு. ஏழு மணிக்கு உதிக்கும் ஊரில் அது எட்டரைக்குத்தானே தொடங்க வேண்டும்? நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம், கணக்கு இதுதான்.

முள் காட்டும் முக்கால்

தொடக்கநிலையின் முதல் வகுப்புகளிலேயே மணி பார்க்கக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் வீட்டில் முள் கடிகாரம் இல்லாத பிள்ளைகள் இப்போது அதிகம். கைப்பேசி, அடுப்பு, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாமே எண்களாகத்தான் காட்டுகின்றன. தம்பி தங்கைக்கு மணி பார்க்கச் சொல்லித் தரும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் 3.45இல்தான். பெரிய முள் 9இல் நிற்கிறது, சிறிய முள் 4ஐ நெருங்கி நிற்கிறது. பிள்ளை 4.45 என்று சொல்லும். கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறது, அதைக் கோபித்து என்ன பயன்?

பெரிய முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டு சிறிய முள்ளை மட்டும் காட்டுங்கள். பழைய ஐரோப்பியக் கோபுரக் கடிகாரங்களில் ஒரு முள்தான் இருந்தது. 1656இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்த பிறகுதான் நிமிட முள்ளை நம்பும் அளவுக்குத் துல்லியம் வந்தது. ஒற்றை முள்ளை வைத்து நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: முள் மூன்றைத் தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. நான்கைத் தொட்டுவிட்டதா? இல்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் வழியில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? முக்கால்வாசி. அதைத்தான் தமிழில் மூன்றே முக்கால் என்கிறோம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆங்கிலத்தில் இதே நேரத்தைச் சொல்லும்போது நான்குக்குக் கால் மணி குறைவு என்ற பொருளில் சொல்கிறார்கள். அதில் நான்குதான் காதில் விழுகிறது. தமிழ்ச் சொல்லோ சிறிய முள் நிற்கும் இடத்தை அப்படியே வரைந்து காட்டுகிறது: மூன்றும் அதற்கு மேல் முக்காலும். மூன்றேகால், மூன்றரை, மூன்றே முக்கால், நான்கு என்று கடிகாரத்தைக் காட்டியபடி சொல்லிக்கொண்டே போனால் பின்னமும் சேர்ந்து வந்துவிடும். மூன்று நாற்பத்தைந்து என்று எண்களாகவே சொல்லிப் பழகிய பிள்ளைக்கு 45 என்பது ஒரு மணியின் முக்கால் என்று தோன்ற வழியில்லை. கணிதத்தில் 3.45 என்றால் மூன்றரையைவிடக் குறைவு, கடிகாரத்தில் 3.45 என்றால் மூன்றரையைத் தாண்டியது. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்லிக் கொடுக்கலாம், பிள்ளைகள் ரசிப்பார்கள். தமிழில் நேரத்தைக் குறிக்கும் மணி என்பது கோயிலில் ஒலிக்கும் அதே மணி. மலாயில் மணியைச் சொல்ல வரும் ‘புக்குல்’ என்பதற்கு அடி என்று பொருள். சீனத்தில் ‘சோங்’ என்பது மணியையும் கடிகாரத்தையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘கிளாக்’, மணியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் நேரம் முதலில் காதால் கேட்கப்பட்டது. கண்ணால் பார்த்தது பின்னால்தான்.

அப்படியானால் முள் ஏன் வலப்பக்கமாகச் சுற்றுகிறது? கடிகாரத்தை உருவாக்கியவர்கள் வாழ்ந்த வடக்கு நாடுகளில், தரையில் நட்ட குச்சியின் நிழல் காலையில் மேற்கே தொடங்கி, நண்பகலில் வடக்கே வந்து, மாலையில் கிழக்கே போகும். அந்தத் திசையை முள்ளுக்கும் கொடுத்துவிட்டார்கள். நம் ஊரில் கதை வேறு. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் மார்ச் மாதப் பிற்பகுதி முதல் செப்டம்பர் மாதப் பிற்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே போகிறது. நிழல் தெற்கு வழியாகச் சுற்றுகிறது, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். மற்ற ஆறு மாதம் முள்ளின் திசையில். கடிகாரம் இங்கே பிறந்திருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறியிருக்குமோ!

ஜூன் விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். திறந்த திடலில் ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சாயாமல் நடுங்கள். பன்னிரண்டரையிலிருந்து ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மணி வரை விடாதீர்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். ஜூன் பிற்பகுதியில் சிங்கப்பூரில் நிழல் மிகக் குட்டையாகும்போது ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் நீளத்தில் நேர் தெற்கைக் காட்டும். அந்தக் கல்லை வைத்த நேரம் 1.06க்கு அருகில் இருக்கும். கோலாலம்பூரில் செய்தால் 1.15, பினாங்கில் 1.20ஐ ஒட்டி, கோத்தா கினபாலுவில் 12.18க்கு அருகில். கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தாமில் ஒரு மாணவர் அதே நாளில் குச்சி நட்டிருந்தால், நீங்கள் கல்லை வைக்கும் அதே நிமிடத்தில்தான் அவரும் தம் கல்லை வைப்பார். அவர் நோட்டில் எழுதுவது 12.06 ஆக இருக்கும்.